செவ்வாய்க்கிழமைக்கு எடுத்து வைத்த நாற்பத்திரண்டு பக்கம்

என் கைப்பையில் இரண்டு வருடமாக நாற்பத்திரண்டு பக்கங்கள் கிடக்கின்றன. ஒரு பழைய நாவலின் கடைசிப் பகுதி. அட்டை கிடையாது. முதுகில் சணல் நூலால் நான் போட்ட நாலு தையல் மட்டும் இன்னும் கெட்டியாக நிற்கிறது. சீப்பும் மாத்திரை அட்டையும் வீட்டுச் சாவியும் உரசி உரசி முதல் பக்கத்தில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. இதற்குள் இரண்டு பை மாற்றிவிட்டேன். பழைய பையைக் கவிழ்த்துக் கொட்டும்போது இதுவும் வந்து விழும், எடுத்துப் புதுப் பையில் போட்டுக்கொள்வேன். வேலை செய்யும் இடத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் ஒருநாள், “இன்னாக்கா இது, பஜ்ஜி மடிச்ச பேப்பரா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்வது? ஓர் உயிரை இழுத்துப் பிடிப்பதற்காக நான் ஒளித்துவைத்த காகிதம் இது என்று சொன்னால் அவள் பயந்துபோவாள்.

அந்த உயிர் என் அண்ணி. என் கணவரின் அக்கா. ராயபுரத்தில் மாதா கோயில் மணி காதில் விழுகிற தெருவில், ஒரு ஹாலும் ஓர் அறையுமான வீட்டில், கடைசிவரை எங்களோடு இருந்தவர். அவருடைய பத்தொன்பதாவது வயதில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அந்தத் துக்கத்தில் படுத்த அம்மாவும் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். பத்து வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணி திருவொற்றியூரில் ஓர் ஆலைக்கு டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆலையில் ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நாவல் படிக்கத் தொடங்கியவர், ஆலையை மூடிய பிறகும் அதை நிறுத்தவில்லை. நான் வியாசர்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது நாத்தனார் கொடுமை ஏதாவது இருக்கும் என்று பயந்துகொண்டே வந்தேன். அண்ணிக்குக் கொடுமை செய்ய எங்கே நேரம்? முதல் நாள் மத்தியானம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “சோறு கீது, கொயம்பு கீது, போட்டு துண்ணுமே. எனக்கு ஒரு சாவு வுயப் போவுது இங்க” என்றார். நான் பதறிப்போய் யாருக்கு என்று கேட்டேன். கதையில் வருகிற மாமனாருக்கு.

அண்ணி புத்தகம் எடுத்த இடம், தெற்கத்திக்காரர் ஒருவர் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் நடத்திய வாடகை நூலகம். அவர் எல்லா நாவலுக்கும் ஒரே பழுப்புத் துணியில் பைண்டு போட்டு, முதுகில் நம்பர் மட்டும் ஒட்டிவிடுவார். தலைப்புப் பக்கம் பாதிப் புத்தகங்களில் கிழிந்திருக்கும். படித்த கதையையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்து பத்துப் பக்கம் போனதும் தலையில் அடித்துக்கொள்வது எல்லோருக்கும் நடந்தது. அதனால் அங்கே வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, படித்து முடித்ததும் அதில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டு வைப்பார்கள். ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்குச் சிலுவை, ஒருவருக்குத் தன் பெயரின் முதல் எழுத்து. அண்ணியின் பக்கம் அறுபத்தொன்று. குறி ஒரு தூண்டில் முள், அவருடைய அப்பாவின் ஞாபகமாக. புத்தகம் எடுக்கும் முன் அறுபத்தொன்றைத் திருப்பிப் பார்ப்பார். முள் இருந்தால் படித்தது, இல்லாவிட்டால் புதுசு. ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. முடிக்காத புத்தகத்தில் முள் போடமாட்டார். “முடிவு தெரியாம குறி போட்டா அது பொய்க் கையெயுத்து மே” என்பார். நூலகத்தை மூடியபோது தெற்கத்திக்காரர் அண்ணியைக் கூப்பிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணி ஏழே ஏழு எடுத்து வந்தார். மற்றதெல்லாம் எடைக்குப் போய்விட்டது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அரசு ஆஸ்பத்திரி மாடியில் டயாலிசிஸ். அவர் தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, ரத்தத்தைப் பார்த்தாலே ஆகாது. ரயில்வேயில் தண்டவாளம் தூக்குகிற ஆள், அந்த ஹாலுக்குள் ஒருநாள் நுழைந்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். ஆக, கூடப் போனது நான்தான். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு வாசலில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிற வேலை எனக்கு. மத்தியான ஷிப்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு காலையில் அண்ணியோடு போவேன். அண்ணியின் இடது கையில் இரண்டு ஊசி. வலது கையில் நாவல். இரண்டு பக்கமும் படுக்கையில் கிடப்பவர்கள் முனகிக்கொண்டிருக்க, இவர் மட்டும் “ஐயய்ய, இவளுக்கு புத்தி கெட்டுப்போச்சு” என்று கதையில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். நாலு மணி நேரம் போனதும் ஊசியை எடுத்துக் கட்டுப் போடுவார்கள். நான், “முடிஞ்சிச்சு அண்ணி, எய்ந்திருங்க, போலாம்” என்பேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. சொல்லாவிட்டால் எழுந்திருக்கமாட்டார்.

முதல் எட்டு மாதம் அந்த ஏழு நாவல்கள் எங்களைக் காப்பாற்றின. ஒரு சுற்று முடித்து, மறு சுற்று வந்து, மூன்றாவது சுற்றும் போயிற்று. நானும் ஏழு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒரு வியாழக்கிழமை காலையில் தெருமுனையில் ஆட்டோ நிற்கிறது, அண்ணி மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை.

“நான் வர்ல மே.”

“இன்னா அண்ணி, மயக்கமா கீதா?”

“மயக்கமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. போதும். இவ எப்போ அய்வா, அவன் எப்போ வுட்டுட்டு ஓடுவான், எல்லாம் மனப்பாடம். தெரிஞ்ச கதைக்கு இன்னாத்துக்கு நான் ஊசி குத்திக்கினு குந்தியிருக்கணும்?”

கேட்கிறவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அண்ணி விளையாடவில்லை. தொடர்ந்து இரண்டு தடவை போகாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் அவர் காதுபடத்தான் சொல்லியிருந்தார். தம்பி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணி அவர் தலையைத் தடவிக்கொண்டே, “நீ கம்முனு இரு நைனா” என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே நான் வாயை விட்டேன். “சனிக்கெழம வாங்க. நீங்க படிக்காத கதையா ஒண்ணு கொண்டாறேன். புட்சா. கொண்டாரலனா நீங்க வர வேணாம்.” அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மெய்யாலுமா?” என்றார். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடப் புத்தகம் தவிர வேறு எதையும் முழுதாகப் படித்தறியாதவள் நான். நாவல் எங்கே விற்கும், எது நல்லது என்று ஒன்றும் தெரியாது. அன்றைக்கே கிளை நூலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண்மணி நல்லவர், நாலு எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை பிழைத்தது. அடுத்து புத்தகக் கண்காட்சியில் புதிதாக வந்தவற்றை வாங்கினேன். ஒன்று ஆஸ்பத்திரியில் தொடங்கியது. அண்ணி அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றில் ஒரு வாக்கியம் தொடங்கினால் மூன்று பக்கம் போகிறது. “இவரு நடுவுல மூச்சே வுட மாட்டாரா?” என்றார். மாத நாவல்கள் கைக்கு அடக்கமாக இருந்தன, ஆனால் கொலைகாரன் யார் என்று பத்தாவது பக்கத்திலேயே அண்ணி சொல்லிவிட்டு மூடிவைத்துவிடுவார். போனில் படிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். “கரண்ட் ஆபீஸ்லேந்து மெசேஜ் வந்தா மாரியே கீது மே” என்று போனைத் தள்ளிவிட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டை பழைய பேப்பர் கடைகளில் அந்த வாடகை நூலகப் புத்தகங்கள் இன்னும் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போய்ச் சாக்குச் சாக்காகக் கொட்டித் தேடினேன். பழுப்புத் துணி பைண்டு கண்ணில் பட்டதும் சந்தோஷத்தில் பாய்ந்து எடுத்தேன். அறுபத்தொன்றைத் திருப்பினால் தூண்டில் முள். அடுத்ததைத் திருப்பினால் அதிலும் தூண்டில் முள். ஒரு மத்தியானம் முழுக்க இருபது முப்பது திறந்து பார்த்திருப்பேன். கரப்பான் ஓடுகிற அந்தக் குப்பைக்கு நடுவில் குந்திக்கொண்டு, “பாவி மனுசி, ஒண்ணையாவது வுட்டு வெச்சிருக்கக் கூடாதா?” என்று வாய்விட்டுக் கத்தினேன். கடைக்காரர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல்தான் லாரிக்காரர்களிடம் கேட்கத் தொடங்கினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும், அரை நாள் கூடச் சாதாரணமாக நிற்கும். சேலம், திருப்பூர், ஓசூர், தூத்துக்குடி என்று பல ஊர்க்காரர்கள். ஜன்னல் வழியாகக் காகிதத்தை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் நான், “அண்ணாத்த, அடுத்த தபா வரும்போது உங்க ஊர்லேந்து ஒரு பழைய நாவல் கொண்டாரியா?” என்பேன். “கேட்டுல மாமூல் கேக்கறவங்கள பாத்துகீறேன், நாவல் கேக்கறத இப்பத்தான்கா பாக்கறேன்” என்று மாத்தூர்க்காரர் ஒருவர் சிரித்தார். சிரித்தாலும் கொண்டுவந்தார்கள். சமையல் புத்தகம் வந்தது, கைரேகை சாஸ்திரம் வந்தது, பாதி கரையான் தின்றது வந்தது. நடுவில் நல்ல நாவல்களும் வந்தன. அண்ணி தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் கையில் புதிது இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது.

இதில் இன்னொரு சங்கடம். அண்ணியின் கை மெலிந்துகொண்டே வந்தது. தடிப் புத்தகத்தை ஒற்றைக் கையில் பிடிக்க முடியாமல் ஒருநாள் அது நழுவி அவர் மூக்கிலேயே விழுந்துவிட்டது. அன்றைக்கு யார்டில் அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தியை எடுத்து, புத்தகத்தை முதுகோடு நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கோணி ஊசியால் சணல் நூல் கோத்துத் தைத்தேன். பார்த்ததும் அண்ணி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “அடிப்பாவி, கசாப்புக் கட மாரி வெட்டிக்கினு வந்து கீறியே!” பிறகு அந்த மெல்லிய துண்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுகமாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். வெட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லாத் துண்டையும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும்? அடுத்த துண்டு என் பையில் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடையாது. கதையை நான் படிக்காவிட்டாலும், ஓர் அத்தியாயத்தின் கடைசி நாலு வரியைப் பார்த்து எந்த இடத்தில் வெட்டினால் மனுசி துடிப்பார் என்று கண்டுபிடிக்கிற வித்தை எனக்கு வந்துவிட்டது. சாமர்த்தியக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சுதலை நினைத்தால் இன்றைக்கு எனக்கு உடம்பு கூசுகிறது.

கடைசி நாவலைக் கொடுத்தவர் தூத்துக்குடி டிரைவர் ஒருவர். தலை நரைத்தவர், அவரும் படிக்கிற பழக்கமுள்ளவர். “எக்கா, இது அந்தக் காலத்துலயே நான் வாசிச்சது. அட்டையில்ல, முதல் ஏழு பக்கமும் இல்ல, பேரும் மறந்துபோச்சு. ஆனா கதை நல்லாருக்கும் பாத்துக்கிடுங்க” என்றார். நான் பறித்துக்கொண்டு அறுபத்தொன்றைத் திருப்பினேன். முள் இல்லை. அப்பாடா என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் அச்சாகுமா என்ன? ராயபுரத்துப் பிரதியில் முள் போட்டிருந்தால் தூத்துக்குடிப் பிரதியில் அது எப்படி இருக்கும்? இந்த அற்ப விஷயம் அன்றைக்கு என் மரமண்டையில் ஏறவில்லை.

ஆறு துண்டாக வெட்டினேன். ஒரு சின்ன ஊரில் தபால் ஆபீசில் வேலை பார்க்கிற பெண்ணின் கதை என்று அண்ணி சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன். வேலை தேடிப் போகிற தம்பி, கல்யாணமாகிப் போகிற தங்கை, ஊரைவிட்டுப் போகிற சிநேகிதி என்று எல்லோரையும் ரயில் ஏற்றிவிட்டே அவளுக்கு வயதாகிவிடுகிறது. கடைசியில் அவளே ஒரு டிரங்குப் பெட்டியோடு போய் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். கடகடவென்று படிக்கிற அண்ணி, இந்த நாவலை மட்டும் ஒரு துண்டுக்கு மூன்று தடவை எடுத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். உடம்பு தளர்ந்ததால் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஓடியது. அந்த ஐந்து வாரத்தில் ஒருநாள்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஊசி குத்தும்போது முன்பு முகம் சுளிப்பார். இப்போது அதுவும் இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஐந்தாம் வாரத்துச் சனிக்கிழமை அண்ணிக்குக் கால் சுருட்டிச் சுருட்டி இழுத்தது. நர்ஸ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துவிட்டோம். வலி அடங்கியதும் ஐந்தாம் துண்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மடியில் வைத்தார். அந்த இடத்தில் ரயில் வந்து நிற்கிறது, வீட்டார் ஓடிவந்து அவளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து நான் வெட்டிய இடம் அது.

“மிச்சம் உன் பையில கீதா?” என்றார்.

“கீது அண்ணி.”

“குட்துடு.”

“இன்னிக்கு கோட்டா முடிஞ்சிச்சு. செவ்வாக்கெழம வாங்க, தரேன்.”

“அவ ஏறிடுவா மே. ஏறட்டும் வுடு. எவ்ளோ நாளு பிளாட்பாரத்துலயே நிக்க வெப்ப? பாக்கற எனக்கே கால் வலிக்கிது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஏத்தலாம் ஏத்தலாம், செவ்வாக்கெழம நீங்களே வந்து ஏத்திவுடுங்க” என்றேன். அண்ணி, “சர்த்தான் போ” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டதும் நான் வழக்கம்போல் எழுப்பினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கேட்டில் பாஸ் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. மாதா படத்துக்குக் கீழே அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். நான் வரிசையில் நின்ற லாரிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் பையைத் தடவிக்கொண்டே போனேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாற்பத்திரண்டு பக்கம் என்னிடம் பத்திரமாக இருந்தது. முடிவு தெரியாமல் அனுப்பிவிட்டேனே, ஒரு மனுசி வாய்விட்டுக் கேட்டதைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் விட்டேனே என்று சவப்பெட்டி மேல் விழுந்து அழுதேன். உள்ளே வைத்துவிடு என்று தம்பி சொன்னார். எனக்குக் கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். படித்து முடித்த துண்டுகளை ஒவ்வொரு தடவையும் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று அண்ணி அவருடைய அலமாரியில் போட்டு வைத்திருந்தாராம். ஐந்து துண்டுகளை என் கையில் கொடுத்தார். பழக்கதோஷம், நின்ற இடத்திலேயே முதல் துண்டில் அறுபத்தொன்றைத் திருப்பினேன். பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலில் பளிச்சென்று ஒரு தூண்டில் முள். முடிக்காத புத்தகத்தில் அண்ணி முள் போடமாட்டாரே?

“சிஸ்டர், இத்த எப்போ போட்டாங்க?”

“அதுவா? மொத நாளே, நீங்க டீ குடிக்கப் போனப்ப, என்கிட்ட பென்சில் கேட்டாங்களே. ரெண்டு பக்கம் படிச்சிட்டு ஒரே சிரிப்பு. ‘இது நான் எப்பவோ படிச்ச கதைமா. எங்க வூட்டுப் பொண்ணு பாவம் எங்கெங்கியோ அலைஞ்சு கொண்டாந்துகீது. அதுக்குத் தெரிய வேணாம்’னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. எனக்கு எதுவும் தெரியவில்லை. முடிவு தெரிந்த கதைக்கு ஊசி குத்திக்கொள்ளமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்த மனுசி, முடிவு தெரிந்த ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு, பதினைந்து தடவை எனக்காகக் கையை நீட்டியிருக்கிறார். நான் வெட்டிய ஒவ்வொரு இடத்திலும், அப்புறம் என்ன ஆகுமோ என்று எனக்காகத் துடித்துக் காட்டியிருக்கிறார். சனிக்கிழமை அவர் மிச்சத்தைக் கேட்டபோது கதை தெரிவதற்காகக் கேட்கவில்லை. கதை முடிந்துவிட்டால் நான் அவரை விட்டுவிடுவேன் என்றுதான் கேட்டிருக்கிறார். போதும் மே என்று நேராகச் சொன்னால் நான் தாங்கமாட்டேன், தம்பி தாங்கமாட்டார், அதனால் சுற்றிவளைத்து அனுமதி கேட்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே கிழமை சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அண்ணியின் ஏழு நாவல்களையும் எடுத்துப் படித்தேன். முதல் தடவை எழுத்துக் கூட்டுவதுபோல, இரண்டாவது தடவை வேகமாக, மூன்றாவது தடவை யார் எப்போது அழுவார்கள் என்று தெரிந்துகொண்டே. நாலாவது தடவை எடுத்தபோது பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. மனப்பாடமான கதை மனத்தை ஐந்து நிமிஷம்கூடக் கட்டிப்போடவில்லை. அண்ணி அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுபடியும் லாரிக்காரர்களிடம் கேட்கத் தொடங்கினேன், இந்தத் தடவை எனக்காக. நூலகம், பழைய பேப்பர் கடை, நடைபாதை என்று அதே இடங்களுக்கு அலைகிறேன். எங்கே எதைத் திறந்தாலும் விரல் தானாக அறுபத்தொன்றுக்குப் போகிறது. புதிதாக எத்தனையோ கிடைத்தன. ஆனால் ஒன்றைக்கூட நான் முடித்ததில்லை. கடைசி நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும்போது மூடிவைத்துவிடுவேன். வீட்டு அலமாரியில் இப்போது அப்படி அறுபது எழுபது நாவல்கள் நிற்கின்றன.

போன வாரம் அந்தத் தூத்துக்குடி டிரைவர் வந்தார். அடுத்த மாதத்தோடு வண்டி ஓட்டுவதை நிறுத்துகிறாராம். ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு, “எக்கா, முன்ன ஒண்ணு குடுத்தேன்லா, அட்டையில்லாதது. அதுல அந்தப் பொம்பள கடைசியில வண்டி ஏறுனாளா, திரும்பிப் போயிட்டாளா? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரமாட்டேங்கு” என்றார். எனக்கே தெரியாது, நான் இன்னும் அதைப் படிக்கவில்லை. பை என் மடியில்தான் இருந்தது. “அடுத்த தபா வரும்போது சொல்றேன் அண்ணாத்த” என்றேன். சொல்லி முடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியும் நான் ஒருவருக்கு நாள் குறிக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுவிட்டு, டயாலிசிஸ் தொடங்குகிற அதே காலை ஏழு மணிக்குக் கல்லறைக்குப் போனேன். அண்ணியின் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகுவத்தி ஏற்றினேன். துறைமுகக் காற்றில் இரண்டு தடவை அணைந்தது, விட்டுவிட்டேன். பையிலிருந்து நாற்பத்திரண்டு பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். அழிந்துபோன எழுத்துகளை ஊகித்துப் படித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. வீட்டார் கெஞ்சுகிறார்கள், கோபிக்கிறார்கள், பெட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள். அவள் அவர்கள் ஒவ்வொருவரையும் சமாதானம் செய்துகொண்டே பல பக்கங்கள் நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில்தான் ஏறுகிறாள். வண்டி நகர்கிறது. யாரும் கையசைக்கவில்லை.

“முடிஞ்சிச்சு அண்ணி, எய்ந்திருங்க” என்றேன்.

போலாம் என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, நான் மட்டும் எழுந்து வந்தேன்.